துணைக்கேள்வி இல்லை

அத்தியாயம் 11

கேள்வி கேட்பதால் இந்த உலகில் இதுவரை எதுவும் மாறியதில்லை என்ற உண்மையைக் கண்டுபிடித்தவன் நான். இதற்காக எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குப் பட்டம் தரவில்லை என்பது பல்கலைக்கழகங்களின் தரத்தைக் காட்டுகிறது.

ஆய்வுக்கூடம் எங்கள் வீடுதான். சிங்கப்பூரின் ஃபேரர் பார்க், பன்னிரண்டாவது மாடி, நாலறை வீடு. அங்கே வசிக்கும் திரு. அற்புதராஜ், அதாவது என் அப்பா, பதினோரு வருடங்களாக நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டு வருகிறார். கடைசி மூன்று வருடங்களாக எதிர்க்கட்சித் தலைவர் என்ற பட்டத்தோடு கேட்கிறார். அரிசி விலையைப் பற்றிக் கேட்டார். அரிசி விலை ஏறியது. பேருந்துக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டார், அதுவும் ஏறியது. காற்றைப் பற்றி அவர் இன்னும் கேட்கவில்லை, அதனால்தான் அது இலவசமாக இருக்கிறது என்று என் கல்லூரிப் பக்கத்தில் எழுதினேன். நாலாயிரம் லைக். அதில் ஒன்று அப்பா போட்டது.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுக்கு இரண்டு புளோக் தள்ளிக் கீழ்த்தளத்தில் அவருடைய மக்கள் சந்திப்பு நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகளில், கையில் எண்ணோடும் மடியில் கோப்போடும் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். தொண்டர்கள் மனு எழுதித் தருவார்கள். 'பல் வலிக்காமலே பல் மருத்துவருக்குக் காத்திருக்கும் கூட்டம்' என்று அதைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்.

போன வாரம் குழாய் மூடப்பட்ட இடத்தில் நிறுத்தியிருந்தேன். மறந்தவர்களுக்காகவும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படிப்பதால் ஒரு வாரம் தவறவிட்டவர்களுக்காகவும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் அக்கா லொரைன் வேலை பார்ப்பது ஓர் அரசாங்க அமைச்சில். அப்பா கேள்வி கேட்கும் அமைச்சும் அதுதான். சேரும்போதே எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்பாவின் கேள்விகள் அவள் மேசைக்கு வராது. வீட்டிலும் ஓர் ஏற்பாடு உண்டு. அலுவலக அழைப்பு வந்தால் அக்கா சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவும் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவாள். தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னால் அரசாங்கம் பத்திரமாக இருக்கும். அப்பாவும் தன் பங்குக்கு வானொலியைச் சத்தமாக வைப்பார். ஐந்து வருடங்களாக இந்த உடன்படிக்கை மீறப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அக்காவின் அலுவலகத் தோழி ஹம்னா அழைத்தாள். ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களில் எத்தனை பேருக்கு இடைக்கால உதவி கிடைத்தது என்று அப்பா செவ்வாய்க்கிழமை கேட்கப்போகிறார். அதற்குப் பதில் தயாரிப்பவள் ஹம்னா. அக்கா குழாயைத் திறந்தாள். அப்பா குளித்துக்கொண்டிருந்ததால் வானொலி ஓடவில்லை. பொருளாதார நெருக்கடி வந்ததிலிருந்து வீட்டில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீருக்கும் காவல் இருக்கும் அம்மா உள்ளே வந்து, எதையும் யோசிக்காமல் குழாயை மூடினார்.

வீடே நிசப்தமான அந்த வினாடியில் அக்கா சொன்னது இது:

"எத்தனை பேரை ரிஜெக்ட் பண்ணோம்னு மட்டும் அவர் கேட்டுடக் கூடாது. அதுக்கு நம்மகிட்ட பதில் இல்ல லா."

குளியலறை வாசலில் தலையில் துண்டோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். துண்டு காதை மூடியிருந்ததா, இல்லையா? இதுதான் எங்கள் குடும்ப நெருக்கடி. பொருளாதார நெருக்கடி இதற்கு அடுத்ததுதான்.

அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டால், அவருக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்று அமைச்சு தேடும். தேடுகிறவர்கள் பத்து நிமிடத்தில் எங்கள் சமையலறைக்கு வந்துவிடுவார்கள். அக்காவின் வேலை போகும். அதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

காதில் விழுந்ததா என்று அவரிடமே கேட்டுவிடலாமே என்று வாசகர்கள் நினைக்கலாம். முடியாது. கேட்டால், விழுவதற்கு ஏதோ இருந்தது என்று ஆகிவிடும்.

* * *

செவ்வாய்க்கிழமை காலை. அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேசையில் ரொட்டியும் காயா ஜாமும் இருந்தன. நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மழை வரும் போல இருக்கு," என்றார் அம்மா.

"வரலாம்," என்றார் அப்பா.

"குடை எடுத்துக்கோங்கப்பா," என்றாள் அக்கா.

"துண்டும் எடுத்துக்கோங்க," என்றேன் நான்.

மேசைக்கடியில் அக்கா என் காலை மிதித்தாள். அவள் அலுவலகக் காலணி போட்டிருந்தாள்.

அப்பா சட்டையைத் திருப்பிப் போட்டார். "எய்டன், இன்னிக்கு தனா பார்லிமெண்ட் கேலரிக்கு வர்றான். தனியா விடாதே. நீ கூட்டிட்டுப் போ."

"எனக்கு லெக்சர் இருக்குப்பா."

"உன் லெக்சரை நான் ஃபோன்ல படிச்சிருக்கேன். அது ஒரு நாள் இல்லேன்னா நாடு தாங்கும்."

அவர் குரலில் எதுவும் இல்லை. முப்பது வருட அரசியல் அப்படிப்பட்ட குரலைத்தான் தரும் போலிருக்கிறது.

* * *

தனா என்கிற தனசேகரன் மாமா ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் எனக்கு முன்பே நின்றுகொண்டிருந்தார். வயது ஐம்பத்தெட்டு. துவாசில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டராகத் தொடங்கி முப்பத்தோரு வருடத்தில் சூப்பர்வைசராக முடித்தவர். முடித்தது அவர் இல்லை. நாலு மாதத்துக்கு முன் பட்டறை இருநூறு பேரை ஒரே காலையில் முடித்தது. கல்யாணத்துக்குப் போகிறவர் போல வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ.

"மாமா, பார்லிமெண்டுக்குத்தான் போறோம்."

"தெரியும்டா. அற்புதம் பேசற இடத்துக்கு சிலிப்பர் போட்டுட்டா வருவேன்?"

அப்பாவை அற்புதம் என்று கூப்பிட இந்தத் தீவில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான்.

ரயில் லிட்டில் இந்தியாவில் நின்றதும் மாமா தலையை நிமிர்த்தி ரயிலின் கூரையைச் சுட்டிக் காட்டினார். "இதுக்கு மேலதான் நிப்போம். டேக்கா மார்க்கெட் வாசல்ல, ஞாயித்துக்கிழமை காலையில."

எனக்கு இந்தக் கதை தெரியும். நூறு முறை கேட்டிருக்கிறேன். நூற்றியோராவது முறையும் கேட்பதற்கு வசதியாகக் கம்பியில் சாய்ந்துகொண்டேன்.

அந்த நாள்களில் கட்சி என்பது ஏழெட்டுப் பேரும் ஒரு பத்திரிகையும்தான். அப்பா லூர்து மாதா கோவிலில் காலைத் தமிழ்ப் பூசை முடிந்து நேராக வருவார். மாமா துவாசில் இரவு ஷிப்ட் முடித்து, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் தூங்கி, இரும்புத் தூள் வாசனையோடு வருவார். மீன் வாங்கவும் முருங்கைக்காய் வாங்கவும் வருகிறவர்களிடம் இருவரும் பத்திரிகையை நீட்டுவார்கள். அதைப் பார்த்ததும் பாதிப் பேர் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போவார்கள். எதிர்ப்பக்கத்தில் கட்சிக்காரர் இன்னொருவர் நிற்பார்.

"நெய்னா முகம்மது பாயை மறக்க முடியுமா? வாராவாரம் ரெண்டு வாங்குவாரு. ஒண்ணு படிக்க. இன்னொண்ணு, யாராவது கேட்டா வடை மடிக்க வாங்கினேன்னு காட்ட."

"எந்த வடையாவது அதுல மடிச்சிருக்காரா?"

"ஒரு வடைகூட இல்லடா. அவரு விக்கிறது ஜவுளி."

எட்டு வயது லொரைன் விலையைக் கூவுவாளாம். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை, ஒரு சீனப் பாட்டியிடம் கற்றுக்கொண்டு ஹொக்கியனில் ஒரு முறை. அவள் கூவினால் மட்டும் ஆட்கள் நின்று வாங்குவார்கள். விற்காத கட்டுகள் என் தள்ளுவண்டியின் அடித்தட்டில் இருக்கும். சிங்கப்பூர் எதிர்க்கட்சி அரசியலின் முதல் கிடங்கு நான் படுத்திருந்த வண்டி. மழை வந்தால் அப்பாவும் மாமாவும் முதலில் வண்டியைத்தான் மூடுவார்களாம். என்னைக் காப்பாற்றவா, பத்திரிகையைக் காப்பாற்றவா என்பதற்கு இருவரும் இன்றுவரை தெளிவான பதில் தரவில்லை.

"அப்ப யாரு வீட்டுக்கும் வக்கீல் லெட்டர் வரலியா, யாருக்கும் வேலை போகலியா? எல்லாம் இருந்துச்சு," என்றார் மாமா. "ஆனா ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ரெண்டு பேரும் தே தாரே டீ குடிப்போம் பாரு. அந்த நேரத்துல ஒண்ணுமே பயமா இருக்காது."

கிளார்க் கீயில் இறங்கி ஆற்றோரமாக நடந்தோம். இரண்டு உணவகங்களுக்கு ஒன்று கதவு மூடி, கண்ணாடியில் 'வாடகைக்கு' என்று ஒட்டியிருந்தது.

* * *

நாடாளுமன்றப் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசை நீளமாக இருந்தது. நெருக்கடிக் காலத்தில் ஜனங்களுக்கு நாடாளுமன்றத்தில் ஆர்வம் வந்துவிடுகிறது. வரிசையில் நிற்கும்போதுதான் மாமா சாதாரணமாக, மழையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"எனக்குக் கிடைக்கலடா."

"என்ன கிடைக்கல?"

"அந்த உதவி. ரெண்டு தடவை போட்டேன். ரெண்டு தடவையும் ரிஜெக்ட். வீட்டுல சம்பாதிக்கிற மகன் இருக்கானாம். கம்ப்யூட்டர் சொல்லுது. அவன் மெல்பர்ன் போயி மூணு வருஷம் ஆச்சு, அட்ரஸ் மாத்தாம விட்டுட்டான். மாத்திட்டுப் போட்டாலும், போன வருஷக் கணக்குதான் பார்ப்போம்னு வருது."

நான் அவரைப் பார்த்தேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"கிடைச்சிடுச்சுன்னு சொல்லியிருக்கேன்."

"ஏன் மாமா?"

"அந்த நாற்காலிக் கூட்டத்துக்கு நான் எத்தனை பேரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன். நம்பர் வாங்கிக் கொடுத்திருப்பேன். இப்ப நானே நம்பர் வாங்கிட்டு உட்காரவா?" அவர் இடுப்புப் பட்டையைக் கழற்றித் தட்டில் வைத்தார். "நீயும் சொல்லாதே. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். பன்னிரண்டு மணிக்குள் என்னிடம் இரண்டு ரகசியங்கள் சேர்ந்துவிட்டன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கேள்வியும் அதன் பதிலும் போல இருந்தன. சோதனைக்காரர் என் பையையும் ஃபோனையும் வாங்கிக்கொண்டார். ரகசியங்களை வாங்க அங்கே தட்டு இல்லை.

* * *

கேலரியில் மாமா மொழிபெயர்ப்புக் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு தமிழைத் தேர்ந்தெடுத்தார். ஆங்கிலம் அவருக்கு நன்றாகவே வரும். "அற்புதத்தைத் தமிழ்லயே கேக்கணும்," என்றார்.

அப்பா மேலே பார்த்தார். மாமாவைக் கண்டுபிடித்து, லேசாகத் தலையசைத்தார்.

"பார்த்தான்," என்றார் மாமா, காதுக்கருவி மாட்டியவர்களுக்கே உரிய சத்தத்தில். முன்வரிசையில் மூன்று பேர் திரும்பினார்கள்.

கேள்வி நேரம் தொடங்கியது. அப்பாவின் கேள்வி மூன்றாவது. எழுந்து கேள்வியின் எண்ணைச் சொன்னார். அமைச்சர் பதிலைப் படித்தார். முப்பத்தோராயிரம் பேருக்கு உதவி கிடைத்திருக்கிறது. சராசரியாக ஒன்பது நாள்களில் கிடைத்திருக்கிறது. மேசைகள் தட்டப்பட்டன.

பிறகுதான் உண்மையான ஆட்டம். முதல் கேள்வியை எல்லோரும் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார்கள். பதில் வந்ததும் எழுந்து கேட்பதுதான் துணைக்கேள்வி. அதை யாரும் முன்பே அறிய முடியாது. பதினோரு வருடங்களில் அப்பா துணைக்கேள்வி கேட்காமல் உட்கார்ந்ததில்லை. அமைச்சர் கையில் தடித்த கோப்பு திறந்திருந்தது. அவையை நடத்தும் மன்ற நாயகர், அப்பா கை தூக்கும் முன்பே பழக்கத்தில் அவர் பெயரைச் சொல்லிவிட்டார்.

மாமா முன்னால் சாய்ந்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. அவர் கேட்க நினைத்தது என்னவென்று எனக்குத் தெரியும். இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டவர் வேறு என்ன கேட்பார்?

அப்பா எழுந்தார். கையில் இருந்த தாளைப் பார்த்தார். நிமிர்ந்து கேலரியைப் பார்த்தார். சில வினாடிகள் ஆகியிருக்கும். எனக்கு அது கல்லூரி முதலாண்டு முழுவதையும்விட நீளமாக இருந்தது.

"நன்றி, மன்ற நாயகர் அவர்களே. என்னிடம் துணைக்கேள்வி இல்லை."

உட்கார்ந்துவிட்டார்.

அவையில் ஒரு சலசலப்பு. நன்றாகப் படித்துவிட்டு வந்த கேள்வி தேர்வில் வராத மாணவன் போல அமைச்சர் கோப்பை மூடினார். நாலாவது கேள்விக்குப் போனார்கள்.

துண்டு காதை மூடியிருக்கவில்லை.

* * *

வெளியே வந்ததும் மாமா நேராக ஆற்றை நோக்கி நடந்தார். ஆற்றோரக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்.

"நாற்காலி பழகிடுச்சு அவனுக்கு," என்றார் கடைசியில். "தப்புன்னு சொல்லல. எல்லாருக்கும் பழகும். ஒரு தேர்தல்ல ஸ்டேடியத்துல மழை கொட்டுது. நான் அவனுக்குக் குடை பிடிக்கப் போறேன். எனக்கு வேணாம், மைக்குக்குப் பிடின்னான். அரை மணி நேரம் நனைஞ்சுகிட்டே கேள்வி கேட்டான். பதில் சொல்ல அங்க ஒருத்தரும் இல்ல. அப்பவும் கேட்டான்." ஷூவின் மேல் படிந்த தூசியைக் குனிந்து துடைத்தார். "அந்த ஆளைப் பார்க்கத்தான் வந்தேன்."

'அந்த ஆள்தான், மாமா, உள்ளே உட்கார்ந்திருக்கிறார்' என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் குழாயைச் சொல்ல வேண்டும். மூடிக்கொண்டேன். பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பா அதை நேரலையில் செய்திருந்தார்.

ஃபோனைத் திறந்தேன். அக்காவிடமிருந்து ஐந்து செய்திகள்.

'கேட்டாரா?'

'கேட்கல. தேங்க் காட்.'

'அம்மா அழறாங்க. சந்தோஷத்துலதான்.'

'டேய்.'

'எடுடா ஃபோனை.'

அப்பாவிடமிருந்து ஒன்று. 'தனா முகம் எப்படி இருந்துச்சு?'

அதற்குப் பதில் எழுதாமல் அக்காவை அழைத்தேன். பின்னணியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அலுவலகக் கழிவறையில் இருந்து பேசினாள்.

"டைரக்டர் கூப்பிட்டாருடா. உங்க அப்பா பதினோரு வருஷத்துல மொத தடவையா சும்மா உட்கார்ந்துட்டாரே, அதுவும் சரியா நம்ம வீக்கான இடத்துல, ஏன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறாரு."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாது சார்னேன். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு யோசிச்சுட்டு வந்து சொல்லுங்கன்னாரு." தண்ணீரை இன்னும் வேகமாகத் திறந்தாள். "கேட்டாலும் மாட்டிக்குவேன், கேக்கலேன்னாலும் மாட்டிக்குவேனா? டேக்காவுல என்னைக் கூவ வெச்சாரே, அப்பவே நான் வேணாம்னு சொல்லியிருக்கணும்டா."

"நீதான் மூணு பாஷையில கூவினே. யாரும் சொல்லிக் கொடுக்கல."

குழாயை மூடும் சத்தம் கேட்டது. "அது நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் அக்கா. பிறகு வைத்துவிட்டாள்.

* * *

மாமாவை டேக்கா உணவங்காடிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு தே தாரே சொன்னேன். அவர் குடிக்காமல் கண்ணாடிக் குவளையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு யோசனை வருவது அபூர்வம்; வருவதெல்லாம் கிண்டலாகத்தான் வரும். ஆனால் அப்போது ஒன்று தெரிந்தது. அந்தக் கேள்வி இப்போதைக்கு எங்கள் சமையலறையில் பிறந்த கேள்வி. அப்பா அதைத் தொட முடியாது. ஆனால் நிராகரிக்கப்பட்ட ஒருவர், தொகுதிக்காரர், தேதி போட்டுக் கையெழுத்து வைத்துக் கேட்டால், அது அவருடைய கேள்வி. அதைத் தூக்கிக்கொண்டு போவதுதான் உறுப்பினரின் வேலை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அது அக்காவைக் காப்பாற்றாது. அடுத்த அமர்வில் அப்பாவின் வாயைத் திறக்கும்.

"மாமா, அந்த ரிஜெக்ட் லெட்டர் ஃபோன்ல இருக்கா?"

"எதுக்கு?"

"நீங்க அப்பாகிட்ட கேக்கணும். வீட்டுக்கு வந்து இல்ல. சந்திப்புக்கு வந்து, முறைப்படி."

"இப்பத்தானே சொன்னேன், முடியாதுன்னு."

"நீங்க கேட்டாத்தான் அவரால கேக்க முடியும்."

"ஏன்?"

"அது மட்டும் கேக்காதீங்க மாமா."

மாமா என்னைப் பார்த்தார். என் முகத்தில் கிண்டல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று வெல்டிங் போட்ட இடத்தைச் சோதிப்பவர் போலத் தேடினார். பிறகு அன்று முதல் முறையாகத் தே தாரேவைக் குடித்தார்.

"உங்கப்பாகூட முப்பது வருஷம் நின்னிருக்கேன். ஏன்னு கேட்டுட்டு நின்ன நாள் கம்மிடா," என்றார். "எழுது."

ஃபோனில் எழுதினேன். அவர் தமிழில் சொன்னார், நான் ஆங்கிலத்தில் அடித்தேன். மூன்று வருடமாகக் கேலி எழுதிப் பழகிய விரல். இரண்டாவது வரியிலேயே ஒரு நக்கல் நுழைந்தது. அழித்தேன். மறுபடி நுழைந்தது. மறுபடி அழித்தேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் எழுதியவற்றில் யாரும் சிரிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட முதல் பக்கம் அது.

* * *

வழியில் அச்செடுத்து, மாமாவின் கையெழுத்து வாங்கி, நிராகரிப்புக் கடிதங்களோடு ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு ஏழு மணிக்குச் சந்திப்புக்குப் போனபோது கீழ்த்தளம் நிறைந்திருந்தது. அப்பா நாடாளுமன்றத்திலிருந்து நேராக வந்திருந்தார். தடுப்புத் திரைக்குப் பின்னால் யாருடைய வாடகைப் பிரச்சினையையோ கேட்டுக்கொண்டிருந்த அவர் குரல் மட்டும் எங்களுக்குக் கேட்டது.

முகப்பு மேசையில் நூருன்னிசா. என் கல்லூரி, சட்டம் மூன்றாமாண்டு. என் பக்கத்தை ஒரு காலத்தில் படித்து, பிறகு படிப்பதை நிறுத்திவிட்டதாக எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பித் தெரிவித்தவள்.

"நீயா? இன்னிக்கு என்ன, நேர்லயே வந்து கிண்டலா?"

"நம்பர் வேணும்."

"உங்கப்பாவைப் பார்க்க உனக்கு நம்பரா? வீட்டுல பாரு லா."

"மாமாவுக்கு. நான் கூட வந்திருக்கேன்."

அவள் மாமாவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அங்கிள், லெட்டர் நாங்க எழுதித் தரவா?"

"இவன் எழுதிட்டான்மா," என்றார் மாமா.

நூருன்னிசாவின் பேனா ஒரு கணம் நின்றது. பதிவேட்டைத் திருப்பினாள். "என்ன விஷயம்னு போடட்டும்?"

வீடு, வேலை, பள்ளி, மருத்துவம் என்று கட்டங்கள் இருந்தன. கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று.

"ஒரு கேள்வி இருக்கு," என்றேன். "பதில் வேணும்."

அவள் எழுதிக்கொண்டு இருபத்து மூன்று என்ற அட்டையைக் கொடுத்தாள். எங்களுக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். பின்வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. மாமாவை உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்து, கோப்பை மடியில் வைத்துக்கொண்டேன்.